கவனக்குறைவு என்ற சொல்: மலக்குழி மரணங்களும் மனிதத் தவறும்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் மாதம் நமக்கு இரண்டு நினைவுகளைக் கொண்டுவருகிறது. ஒன்று, 1956 டிசம்பர் 6, அண்ணல் மறைந்த நாள். மற்றொன்று, 1984 டிசம்பர் 2 நள்ளிரவு, போபால் நகரத்தின் மீது விஷவாயு பரவிய நேரம். இரண்டையும் ஒரே மேடையில் பேசக் காரணம் இருக்கிறது.

அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். அவர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தப் பொறுப்பில் இருந்தபோது, 1943 டிசம்பரில், தன்பாத் பகுதி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். சட்டம் எழுதும் இடத்தில் இருந்தவர், வேலை நடக்கும் இடத்தைத் தன் கண்ணால் பார்க்கப் போனார். இன்றைய என் பேச்சு அதைப் பற்றியதுதான். ஒரு தொழிலாளி சாகும்போது நாம் எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம்? குழிக்குள் மட்டும் பார்க்கிறோமா, குழிக்கு மேலேயும் பார்க்கிறோமா?

வட மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றுக்கு உண்மை அறியும் குழுவோடு போயிருந்தேன். வழக்கு நடப்பதால் ஊர் பெயரைச் சொல்லவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தின் செப்டிக் டேங்கில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். மாமனும் மருமகனும். மாமன் முதலில் இறங்கினார், சரிந்தார். மருமகன் அவரைத் தூக்க இறங்கினார், அவரும் சரிந்தார். முதல் தகவல் அறிக்கையில், உரிய பாதுகாப்பின்றிக் கவனக்குறைவாக இறங்கியதால் விஷவாயு தாக்கி இறந்தனர் என்று எழுதியிருந்தார்கள்.

மாமனின் மனைவி எங்களிடம் சொன்னது இது: “அவருக்குக் கவனம் இல்லன்னு எழுதியிருக்காங்களாம். பத்து வருசமா இந்த வேல செஞ்சவரு. மூடியத் தொறந்து ஒரு மணி நேரம் காத்தாட உட்டுத்தான் எறங்குவாரு. அன்னிக்கிச் சாயங்காலம் ரிசப்சன், சீக்கிரம் சீக்கிரம்னு வெரட்டுனாங்க.”

நாங்கள் விசாரித்ததில் தெரிந்தவை இவை. அந்தத் தொட்டியைப் பல ஆண்டுகளாக யாரும் சுத்தம் செய்யவில்லை. அடியில் கழிவு இறுகிக் கல்லாகிக் கிடந்தது. காலையில் வந்த கழிவுநீர் லாரி மேல்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு நடைக்கு லாரிக்காரர் கேட்ட பணத்தை மண்டபத்தார் தர மறுத்தார்கள். அதைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் இறக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். சேரிக்குப் போன் போனது. அந்தத் தொட்டி எப்படிச் சுத்தம் செய்யப்படுகிறது என்று நகராட்சியிலிருந்து ஒருவரும் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை.

இத்தனை பேர் இத்தனை முடிவுகள் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அறிக்கையில் கவனக்குறைவு ஒருவர் மீது மட்டும்தான் இருக்கிறது. செத்தவர் மீது.

இந்தப் பழக்கம் நம் காவல் நிலையத்தில் பிறந்ததல்ல. 1931ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஹைன்ரிக் என்ற காப்பீட்டு நிறுவன ஊழியர் தொழிற்சாலை விபத்துகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 75,000 விபத்துகளை ஆராய்ந்ததாகச் சொன்னார். அவற்றில் நூற்றுக்கு 88 தொழிலாளர்களின் ஆபத்தான செயல்களால் நடந்தவை என்றார். அந்தக் கணக்கு உலகமெங்கும் பாதுகாப்பு வகுப்புகளில் பல பத்தாண்டுகள் பாடமாக ஓதப்பட்டது. அவர் பார்த்த ஆவணங்கள் எவை? காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை முதலாளிகளின் பதிவேடுகளும். விபத்துக்கு யார் காரணம் என்று எழுதியது மேலே இருந்தவர்களின் பேனா. அடிபட்டவரின் வாக்குமூலம் அந்தக் கணக்குக்கு அடிப்படை அல்ல. நமக்கு இது புதிதல்ல. நம்மைப் பற்றிய பதிவேடுகளை மற்றவர்கள் எழுதிய வரலாறு நமக்குத் தெரியும்.

இதற்கு மறுப்பும் அதே நாட்டிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரே மாதிரியான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. தரையிறங்கிய பிறகு இறக்கையின் மடிப்புத் தகட்டை மடக்க வேண்டிய விமானி, சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றால் தரையில் உராயும். விமானியின் தவறு என்று எழுதி முடித்தார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானிகளைக் குறைசொல்வதை விட்டுவிட்டு விமானியின் அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. சக்கர விசையின் நுனியில் சிறு சக்கரம் ஒன்றையும், மடிப்புத் தகட்டு விசையின் நுனியில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். கைக்கு வித்தியாசம் தெரிந்தது. அந்தத் தவறு நின்றது. மனிதர்கள் அதே மனிதர்கள்தான், மாறியது விசை.

1990ல் ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ‘மனிதத் தவறு’ என்ற பொருளிலேயே தலைப்பிட்டு ஒரு நூல் எழுதினார். தவறுகளை அவர் வகை பிரித்தார். கை தவறிப்போவது ஒன்று. மறந்துபோவது இன்னொன்று. நிலைமையைத் தப்பாகப் புரிந்துகொண்டு செய்வது மூன்றாவது. தெரிந்தே விதியை மீறுவது நான்காவது. இந்த விதிமீறலிலும் ஒரு வகையை நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். விதியைக் கடைப்பிடித்தால் வேலையே நடக்காது என்ற நிலையில் தொழிலாளியை நிறுத்திவிட்டு, மீறினாயே என்று கேட்கும் வகை அது.

ரீசன் சொன்ன இன்னொரு கருத்து, பாதுகாப்பு என்பது பல அடுக்கு என்பது. ஒவ்வொரு அடுக்கிலும் ஓட்டை உண்டு. அவர் துளை விழுந்த பாலாடைக்கட்டியை உவமையாக வைத்தார். நாம் சல்லடைகளை ஒன்றின் பின் ஒன்றாகப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஒரு சல்லடையின் துளை வழியாக வந்ததை அடுத்த சல்லடை தடுக்கும். எல்லாத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் வரும்போது விபத்து நடக்கிறது. கடைசிச் சல்லடை தொழிலாளியின் கை. முந்தைய சல்லடைகளில் ஓட்டை போட்டவர்கள் அலுவலகத்தில் இருப்பவர்கள். அந்த ஓட்டைகள் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும்.

போபாலை இப்படிப் பார்க்கலாம். யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டியில் மெத்தில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் 40 டன் அளவுக்கு இருந்தது. அதில் தண்ணீர் புகுந்து கொதித்தது. அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய இயந்திரம் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் குழாய் பழுதால் இணைப்பின்றிக் கிடந்தது. அந்தப் பிரிவில் ஆட்கள் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தார்கள். 1981லேயே அதே ஆலையில் ஃபாஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளி இறந்திருந்தார். தொழிற்சங்கம் எச்சரித்தது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற போபால் பத்திரிகையாளர் 1982லேயே எழுதி எச்சரித்தார். அத்தனைக்கும் பிறகு அந்த நிறுவனம் உலகத்துக்குச் சொன்ன காரணம் என்ன? மனக்குறை கொண்ட ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீரைச் செலுத்திவிட்டார் என்பது. ஆயிரக்கணக்கானவர்கள் செத்த பிறகும் விரல் கீழே நின்ற ஒருவரை நோக்கியே நீண்டது.

இப்போது அந்தக் கல்யாண மண்டபத்துக்குத் திரும்புவோம். குழிக்குள் என்ன நடந்தது?

மலக்குழியில் காற்றில்லாமல் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உருவாகிறது. காற்றைவிடக் கனமானது, அதனால் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகிறது, நாற்றம் தெரியாது. வாயு கூடும்போது அது குறைந்துவிட்டதாகத் தோன்றும். இன்னும் சில மடங்கு கூடினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு போய்விடும். பத்து வருட அனுபவம் உள்ளவருக்கும் அவருடைய மூக்கு பொய் சொல்லும். இதைக் கவனக்குறைவு என்று சொல்வது உடலின் இயல்பைக் குற்றமாக்குவது.

மூடியைத் திறந்து காற்றாட விட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. இறுகிய கழிவைக் கிளறும்போது அதற்குள் அடைபட்டிருந்த வாயு ஒரே நேரத்தில் வெளியேறும். இறங்கும் முன் சோதித்தாலும், வேலை நடக்கும்போது தொடர்ந்து சோதிக்கும் கருவி வேண்டும். முகத்தில் துணியோ சாதாரண முகக்கவசமோ கட்டினால் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வடிகட்டும் முகமூடியால் ஆக்சிஜனை உண்டாக்க முடியாது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு. குழிக்குள் அது குறைந்திருந்தால் வெளியிலிருந்து குழாய் வழியாகவோ உருளையிலோ காற்று வர வேண்டும்.

மருமகன் ஏன் இறங்கினார் என்றும் கேட்டார்கள். கண் முன்னே மாமன் சரிகிறார். இடுப்பில் கயிறு இல்லை. மேலிருந்து இழுக்க முக்காலியும் சுழல் உருளையும் இல்லை. வேறு என்ன செய்வார்? மலக்குழிச் செய்திகளில் இறந்தவர் எண்ணிக்கை இரண்டாகவும் மூன்றாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆளை மேலிருந்தே தூக்கும் ஏற்பாடு செய்யாதவர் கவனக்குறைவானவர் ஆவதில்லை. சொந்தத்தைக் காப்பாற்றக் குதித்தவர் ஆகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1993ல் ஒரு சட்டம் வந்தது. 2013ல் கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் புதிய சட்டம் வந்தது. அதன் 7ஆம் பிரிவு சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்கி ‘அபாயகரமான சுத்திகரிப்பு’ செய்விப்பதைத் தடுக்கிறது. 9ஆம் பிரிவு முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் 2ஆம் பிரிவில் தரப்பட்டிருக்கும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். பாதுகாப்புக் கருவி தராமல், முன்னெச்சரிக்கையைக் கடைப்பிடிக்காமல் இறக்கினால்தான் அது அபாயகரமானது. அதாவது ஒரு ஜோடி கையுறையும் ஒரு பூட்ஸும் வாங்கி மூலையில் போட்டுவிட்டு, கொடுத்தோம், அவர்தான் போடவில்லை என்று சொல்ல வழி இருக்கிறது. ‘கவனக்குறைவு’ என்ற சொல் நுழைவதற்கான கதவு அங்கேதான் திறந்திருக்கிறது.

2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவருடைய குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் இழப்பீடு கொடுத்த கையோடு கோப்பை மூடுகிறார்கள். ஏன் இறங்க நேர்ந்தது என்ற விசாரணை நடப்பதில்லை. அது நடக்காததால் அடுத்த குழி அப்படியே இருக்கிறது. இத்தகைய மரணங்கள் குறித்து நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடு முதலிடத்தில் நின்றிருக்கிறது என்பதை நாம் வெட்கத்தோடு நினைவில் வைக்க வேண்டும்.

தோழர்களே, ரீசனும் மற்றவர்களும் சொல்லாத ஒன்றை நாம்தான் சேர்க்க வேண்டும். கடைசிச் சல்லடையில் யார் நிற்கிறார்கள் என்பது தற்செயல் அல்ல. 1936ல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர், சாதி வேலைகளைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்யும் மனிதர்களையே பிரித்து, ஒருவர் மேல் ஒருவராக அடுக்குகிறது என்று விளக்கினார். அந்த அடுக்கின் மேலே எடுக்கும் முடிவின் ஆபத்து, அடுக்கின் கீழே வந்து இறங்குகிறது. மண்டபத்திலிருந்து போன் சேரிக்குத்தான் போனது. வேறு எந்தத் தெருவுக்கும் போகவில்லை.

விமானத் துறையிலிருந்து இன்னொரு செய்தி. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் இறந்தார்கள். அனுமதி வராமலே ஒரு விமானத்தின் தலைமை விமானி புறப்பட்டுவிட்டார். மிக மூத்தவர், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். எதிரே இன்னொரு விமானம் ஓடுபாதையில் இருக்கிறதோ என்று பொறியாளர் சந்தேகம் எழுப்பினார். தலைமை விமானி அதை ஒதுக்கித் தள்ளினார். அந்த விபத்துக்குப் பிறகு விமானத் துறை ஒன்றைப் புரிந்துகொண்டது. கீழே இருப்பவர் பேச முடியாத இடத்தில் பாதுகாப்பு இல்லை. மூத்தவரைக் கேள்வி கேட்க இளையவருக்கும், கேட்டதைக் காதில் வாங்க மூத்தவருக்கும் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஒரு விமானியின் அறைக்குள்ளேயே ஒரு படி கீழே இருப்பவரின் வாய் அடைத்துக்கொள்ளும் என்றால், குழி ஓரத்தில் நிற்கும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை ‘நான் இறங்க மாட்டேன்’ என்று யாரிடம் சொல்வார்? சொன்னால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். ‘ஒங்கப்பன் பாத்த வேலதானே’ என்ற பதில் வரும். போபாலுக்குப் பிறகு, 1987ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்து நெருங்குகிறது என்று எச்சரிக்கும் உரிமை தொழிலாளருக்கு 41-எச் பிரிவில் கொடுக்கப்பட்டது. நல்ல பிரிவு. ஆனால் கல்யாண மண்டபம் தொழிற்சாலை அல்ல. போனில் கூப்பிட்டு, கையில் காசு கொடுத்து அனுப்பப்படுபவருக்கு மேலதிகாரி என்று ஒருவர் காகிதத்தில் இல்லை. மறுக்கும் உரிமை இல்லாதவர் இறங்கியதை அவருடைய செயல் என்று சொல்வதே தவறு.

மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். அமைப்புதான் காரணம் என்றால் யாரையும் தண்டிக்க முடியாதா? எல்லோரும் தப்பிவிட மாட்டார்களா? நியாயமான கேள்வி. தவறு வேறு, முடிவு வேறு. குழிக்குள் இருந்தவருக்கு யோசிக்கச் சில நொடிகள்கூட இல்லை. தன் உயிரையே விலையாகக் கொடுத்தார். இன்னொரு நடை லாரிக்குப் பணம் தர மறுத்தவருக்கு நேரம் இருந்தது, ஆபத்து தெரிந்திருந்தது, மிச்சமான பணம் அவருக்கே போனது. முதலாவது மனிதத் தவறு. இரண்டாவது தெரிந்து எடுத்த முடிவு. சட்டம் தேட வேண்டியது இரண்டாவதை. இதில் எச்சரிக்கையும் வேண்டும். மேஸ்திரி ஒருவரைக் கைதுசெய்து பெரிய ஆட்கள் தப்பிக்கும் வழக்குகளும் உண்டு. பல இடங்களில் மேஸ்திரியும் நம் தெருக்காரர்தான், அவரும் தினக்கூலிதான். அவரைப் பிடித்ததோடு திருப்தி அடைந்தால் நாமும் கடைசிச் சல்லடையோடு நின்றுவிட்டோம் என்று பொருள்.

ஆகவே உண்மை அறியும் குழுக்களில் போகிறவர்களுக்குச் சில கேள்விகளைச் சொல்கிறேன். இயந்திரம் வைத்துச் செய்ய முடியாமல் போனது ஏன், அதை யார் முடிவு செய்தார்? 2013ன் விதிகள்படி, தவிர்க்கவே முடியாத நிலையில் ஆளை இறக்க உள்ளாட்சி அமைப்பின் தலைமை அலுவலர் காரணத்தைப் பதிந்து எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். அந்தக் காகிதம் எங்கே? வாயு அளக்கும் கருவி அந்த ஊரில் எத்தனை இருக்கின்றன, கடைசியாக எப்போது பயன்பட்டன? மேலிருந்து தூக்கும் ஏற்பாடு இருந்ததா? அவசரப்படுத்தியவர் யார்? இறங்க மறுத்தவர் யாராவது உண்டா, அவருக்கு என்ன ஆனது? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதினால் அறிக்கையில் இறந்தவரின் பெயர் மட்டும் இருக்காது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளையும் மயிரிழையில் தப்பியதையும் நாசா நடத்தும் ஒரு திட்டத்துக்கு ரகசியமாக எழுதி அனுப்புகிறார்கள். எழுதியவரைத் தண்டிப்பதற்காக அல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பதற்காக. நம் குடியிருப்புகளில் குழிக்குள் மயங்கி விழுந்து, இழுத்துப் போடப்பட்டு, தண்ணீர் தெளித்ததும் எழுந்து மறுநாள் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? அந்தக் கதைகளை யாரும் பதிவுசெய்யவில்லை. மாணவர்கள் அதைச் செய்யலாம். பெயர் வேண்டாம், வேலை போகிற மாதிரி அடையாளமும் வேண்டாம். எந்த ஊர்க் குழி, எந்த மாதம், என்ன நடந்தது, எப்படிப் பிழைத்தார் என்பது போதும். செத்த பிறகு எண்ணுவதைவிட அது பயனுள்ள கணக்கு.

இது இலக்கிய மேடை. அதனால் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்று எழுதுகிறோம். அந்த வாக்கியத்தில் தாக்கியது வாயு. இறக்கிவிட்டவர் அந்த வாக்கியத்துக்குள் இல்லை. நம் கதைகளிலும் கட்டுரைகளிலும் எழுவாயை மீட்க வேண்டும். இன்னார் கூப்பிட்டார், இன்னார் பணம் மறுத்தார், இன்னார் கருவி வாங்கவில்லை, இருவர் இறந்தனர் என்று எழுத வேண்டும். நீளமான வாக்கியம்தான். உண்மை அவ்வளவு நீளமாக இருக்கிறது.

அந்தச் சிறுநகரத்திலிருந்து கிளம்பும்போது அந்த அம்மா வாசல் வரை வந்தார். இழப்பீட்டில் முதல் தவணை அப்போது வந்திருந்தது. “காசு குடுத்துட்டாங்க சார். அந்த வார்த்தய மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. எம்புள்ள பெரியவனாகிப் படிப்பான்ல” என்றார்.

அந்தச் சொல்லை நீக்கக் கோரி, மேலே சொன்ன கேள்விகளையும் இணைத்து, ஒரு மனுவைக் காவல்துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுத்திருக்கிறோம். பதில் வரும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம். அண்ணல் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். நாம் குழியின் ஓரத்தில் நின்று, மேலே நிமிர்ந்து பார்த்து, பெயர் சொல்லிக் கேட்கவாவது வேண்டும்.